மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: முடிவெடுக்கும் முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் "கழுத்து வலி", "முதுகு வலி" என்று எழுதப்பட்ட சிலவற்றுக்குப் பின்னால் வேறொரு காரணம் இருப்பதை நம் பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று பேசியபோது அறிந்தோம். மார்பகத்தின் மிகையான எடையே அந்தக் காரணம். கணவரிடம் சொல்லவும் கூச்சம், டாக்டரிடம் காட்டவும் கூச்சம் என்று பல ஆண்டுகளாக வலி மாத்திரையிலேயே காலம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பின்விளைவு எதையும் கேட்காமல் முன்பணம் கட்டிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படட்டும் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இதைப் பெண்கள் மட்டுமல்லாமல் கணவன்மாரும் தந்தைமாரும் படிக்க வேண்டும். செலவுக்குப் பணம், ஆஸ்பத்திரிக்குத் துணை, வீட்டில் ஓய்வு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அவர்கள் ஒத்துழைப்பில்தான் கிடைக்கின்றன.

இது நோயா, அழகுக்கான ஆசையா?

மார்பகம் பெரிதாக இருப்பது தானாகவே ஒரு நோய் அல்ல. அது உடலுக்குத் தொந்தரவாக மாறும்போதுதான் மருத்துவ விஷயமாகிறது. அந்தத் தொந்தரவுகள் இவை: கழுத்து, தோள், மேல்முதுகில் தீராத வலி, உள்ளாடையின் பட்டி அழுத்தித் தோளில் பள்ளம் விழுதல், மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணும் படையும் மாறி மாறி வருதல், கை விரல்களில் மரமரப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது போன்ற உணர்வு, வேகமாக நடக்க முடியாமை. ருகூவுக்குக் குனிந்து நிமிர்வதற்கே கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்ன சகோதரிகளும் உண்டு.

பரம்பரை, ஹார்மோன் மாற்றம், பிரசவம், உடல் பருமன் ஆகியவை பொதுவான காரணங்கள். சில பெண் பிள்ளைகளுக்குப் பருவமடைந்த சில மாதங்களிலேயே அளவு கடந்து வளர்ந்துவிடுவதும் உண்டு. அந்தப் பிள்ளையின் தவறு இதில் ஏதும் இல்லை. "குனிந்து நடக்காதே" என்று அதட்டுவதை விட்டுவிட்டு அவள் ஏன் குனிகிறாள் என்று தாய் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பெருத்தாலோ, கட்டி தென்பட்டாலோ, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழிந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, குறைப்புச் சிகிச்சை பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு உடனே புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கத்திக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

அறுவை கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் சில உண்டு.

முதலாவது, சரியான அளவுள்ள உள்ளாடை. கடையில் அளவு சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒன்றை வாங்கி அணிவதே பலருக்கு வலியைக் கூட்டுகிறது. அகலமான பட்டியும் நல்ல தாங்குதலும் உள்ளதைப் பெண் விற்பனையாளரிடம் அளந்து வாங்குங்கள்.

இரண்டாவது, பிசியோதெரபி. முதுகு, தோள் தசைகளை வலுவாக்கும் எளிய பயிற்சிகளை வீட்டிலேயே செய்யலாம்.

மூன்றாவது, எடை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடை குறைந்தால் மார்பின் கொழுப்புப் பகுதியும் ஓரளவு குறையும். எல்லோருக்கும் அது போதுமானதாக இராது. ஆனால் பின்னர் அறுவை செய்துகொண்டாலும் காயம் நன்றாக ஆற அது உதவும்.

நான்காவது, மடிப்பில் வரும் புண். மெடிக்கல் ஷாப்பில் "படைக்கு ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை முன்னைவிடப் பரவும், தோலும் மெலிந்துவிடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் பரிசோதியுங்கள். மடிப்பில் ஓயாமல் பூஞ்சை வருவது சில நேரங்களில் மறைந்திருக்கும் சர்க்கரை நோயின் அடையாளம்.

இவற்றையெல்லாம் செய்தும் தீராத வலிக்குத்தான் அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்கும்போது இவையே சாட்சி.

மார்க்கத்தின் பார்வை

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அல்லாஹ் படைத்த உருவத்தை மாற்றுவது கூடுமா?"

அழகுக்காக மட்டும் படைப்பை மாற்றுவது கூடாது என்பது தெளிவு. சூரா அந்நிஸாவின் 119-ஆம் வசனமும், பச்சை குத்துவோர், அழகுக்காகப் பல் இடைவெளியை அராவுவோர் பற்றிய நபிமொழியும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. ஆனால் நோயையும் குறையையும் நீக்குவது இதில் சேராது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தியபோது அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஏவினார்கள் என்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட நிலையிலும் மருத்துவத் தேவைக்காக அது அனுமதிக்கப்பட்டது என்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

நம் விஷயத்துக்கே நேரடியான முடிவும் உண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய 18-ஆவது அமர்வில், அழகுச் சிகிச்சை பற்றி 173-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. மார்பகத்தின் அளவு நோய் நிலைக்குக் காரணமாகும்போது அதைச் சீரமைப்பது அனுமதிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக அதில் கூறப்பட்டுள்ளது. மனம்போன போக்கில், பிறரைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தோற்றத்தை மாற்றுவதை அதே தீர்மானம் தடுக்கிறது.

எனவே, நிய்யத்தும் மருத்துவத் தேவையும்தான் கோடு கிழிக்கின்றன. தேவை உண்டா என்பதை நேர்மையான மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையோடு உங்கள் மஹல்லா ஆலிமிடம் மஸ்அலா கேளுங்கள். ஹஜ்ரத்திடம் நேரில் பேசக் கூச்சமாக இருந்தால், அவர்கள் வீட்டம்மா மூலமோ ஆலிமா மூலமோ கேட்கலாம்.

அறுவை மருத்துவம் நமக்கு அந்நியமானது அன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி தமது "அத்தஸ்ரீஃப்" நூலின் அறுவைப் பகுதியில், ஆண்களுக்குப் பெண்களைப் போல மார்பு பெருத்தால் அதை எப்படி அறுத்துச் சரிசெய்வது என்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஆண் பிள்ளைகளுக்குப் பருவ வயதில் வரும் மார்பு வீக்கம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் அவர்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கேலி பேச விடாதீர்கள்.

எந்த வயதில், எந்த நேரத்தில்?

மார்பு வளர்ச்சி நின்று, அளவு மாறாமல் ஓராண்டாவது கழிய வேண்டும். அதனால் பொதுவாக 18 வயதுக்குப் பிறகே செய்கிறார்கள். மிகக் கடுமையான நிலையில் மட்டும் மருத்துவர்கள் முன்னதாகச் செய்வது உண்டு. அப்போது மீண்டும் வளர்ந்து இரண்டாவது அறுவை தேவைப்படவும் கூடும்.

பாலூட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்கள், பால் முழுவதும் வற்றிச் சில மாதங்கள் கழியும்வரை காத்திருக்க வேண்டும். எடை குறைத்துக்கொண்டிருப்பவர்கள் எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகு செய்வது நல்லது. அறுவைக்குப் பின் கருவுற்றாலோ எடை கூடினாலோ மார்பு மீண்டும் பெருக்கலாம்.

இனிமேல் பிள்ளை பெற விரும்பும் பெண்கள் இந்த இடத்தை இருமுறை படியுங்கள். அறுவையில் பால் சுரப்பிகளில் ஒரு பகுதியும் பால் குழாய்களில் சிலவும் வெட்டப்படுகின்றன. காம்பை அதன் அடித்தசையோடும் நரம்போடும் சேர்த்து இடம் மாற்றும் முறையில் பலரால் பின்னர் ஓரளவு பாலூட்ட முடிகிறது. முழு அளவு சுரக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. காம்பை முழுதும் பிரித்தெடுத்து ஒட்டும் முறையில் பாலூட்டும் வாய்ப்பு இல்லாமல் போய்விடும் என்றே கொள்ள வேண்டும். தாய்ப்பாலின் சிறப்பையும் இரண்டு ஆண்டுக் காலத்தையும் சூரா அல்பகராவின் 233-ஆம் வசனம் பேசுகிறது. தேவைப்பட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும் அதே வசனம் இடம் தருகிறது. ஆகவே, வலி தாங்கக்கூடியதாக இருந்தால் பிள்ளைப்பேறு முடியும்வரை தள்ளிவைக்கலாம். வலி அன்றாட வாழ்வையே முடக்குகிறது என்றால், பால் குறையக்கூடும் என்பதை அறிந்தே முடிவெடுக்கலாம். இதில் எது பெரிய சிரமம் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல முடியும். மாமியார் சொல்ல முடியாது.

திருமணமாகாத பிள்ளைக்குச் செய்திருந்தால் அதை மறைத்து நிகாஹ் முடிப்பது நல்லதல்ல என்பது எங்கள் கருத்து. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு உறுதியாகும் கட்டத்தில் மணமகனுக்கு மட்டும் தக்கவர் மூலம் பக்குவமாகத் தெரிவித்துவிடுங்கள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள்

இரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி. ஆகியவை வழக்கமானவை. நம் பெண்களில் இரத்தசோகை அதிகம்; ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி அளவு கட்டுக்குள் வந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்; இல்லையேல் காயம் ஆறாது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும், இளையவர்களுக்குத் தேவைக்கேற்ப ஸ்கேனும் எடுத்து, மறைந்திருக்கும் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள்.

ஆஸ்பிரின், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் என எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், தொடரவும் செய்யாதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் மூத்த தாய்மார்களிடம் இன்னும் உண்டு. புகையிலையின் நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரத்தம் போகாவிட்டால் தோலும் காம்பும் கருகிப்போகும் அபாயம் உண்டு. அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே அடியோடு நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும்.

அறுவையில் என்ன நடக்கிறது?

முழு மயக்கத்தில், பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் நடக்கும். மிகையான கொழுப்பு, சுரப்பித் திசு, தோல் ஆகியவற்றை எடுத்துவிட்டுக் காம்பை மேலே உயர்த்தித் தைக்கிறார்கள். தழும்பு காம்பைச் சுற்றி ஒரு வட்டமாகவும், அதிலிருந்து கீழே ஒரு கோடாகவும் இருக்கும். அதிகம் எடுக்க வேண்டியிருந்தால் அடிமடிப்பில் குறுக்காக இன்னொரு கோடும் வரும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரத்தநீர் வடியக் குழாய் வைத்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். அதன்பின் வீடு திரும்பலாம்.

எதிர்பார்க்க வேண்டிய பாதகங்கள்

இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்து நிம்மதி அடைகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கீழ்க்காண்பவற்றை அறியாமல் கையெழுத்திடக் கூடாது.

1. தழும்பு நிரந்தரம். ஓராண்டில் மங்கும், மறையாது. நம் போன்ற மாநிறத்தவர்க்குத் தழும்பு தடித்துப் புடைக்கும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடமோ பழைய ஆபரேஷன் தழும்போ புடைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
2. காம்பில் உணர்ச்சி குறையலாம். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.
3. தையல்கள் சேரும் இடத்தில் காயம் பிரிந்து, ஆறத் தாமதமாகலாம்.
4. இரத்தக்கட்டு, கிருமித்தொற்று, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை ஏற்படலாம்.
5. இரு பக்கமும் முழுதும் ஒன்றுபோல் அமையாதிருக்கலாம்.
6. அரிதாக, காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ இழக்க நேரலாம்.

மருத்துவர், மறைவு, சம்மதம்

இதைச் செய்ய வேண்டியவர் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன். எம்.எஸ். முடித்தபின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. "அழகுக் கலை நிபுணர்" என்ற பெயர்ப்பலகை அந்தப் பட்டத்துக்கு ஈடாகாது. மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவரும் தீவிர சிகிச்சை வசதியும் இருக்க வேண்டும்.

பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்லுங்கள். தகுதியான பெண் மருத்துவர் கிடைக்காதபோது, தேவையான அளவு மட்டும், கணவரோ மஹ்ரமோ பெண் செவிலியரோ உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் காட்டுவது தேவையின் பொருட்டு அனுமதிக்கப்படும் என்பதே அறிஞர்கள் கூறும் வழி. "ஆண் டாக்டர்தான் இருக்கிறார்" என்பதற்காக மட்டும் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை.

படம் எடுப்பதைப் பற்றி முன்பே பேசுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் மருத்துவப் பதிவுக்காகப் படம் எடுப்பது வழக்கம். முகம் தெரியாமல், பெண் ஊழியர் மூலம், மருத்துவமனைக் கேமராவில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் "விளம்பரத்துக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தச் சம்மதம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அடித்துவிட்டு அருகில் கையெழுத்திடலாம். அது உங்கள் உரிமை.

சம்மதம் அந்தப் பெண்ணுடையது. சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளிக்குப் பதிலாகப் பெற்ற தாய் அளித்த சம்மதமும் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கணவரோடு மஷூரா செய்வது நம் அழகிய வழிமுறை. ஆனால் வேண்டாம் என்பவளை வற்புறுத்தி அழைத்துப் போவதும், வலியால் துடிப்பவளைத் தடுத்து வைப்பதும் மஷூரா ஆகாது. இஸ்திகாரா தொழுது, அவசரமின்றி முடிவெடுங்கள்.

செலவு

சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகள் உள்ளன. மருத்துவத் தேவை இருப்பவர்கள் முதலில் அங்கே ஆலோசனை பெறலாம். காத்திருக்க நேரிடலாம், ஆனால் விற்பனைப் பேச்சு இல்லாத கருத்துக் கிடைக்கும்.

தனியார் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் அழகுச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. உடல்நலத்துக்கு நேரடியான பாதிப்பை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் மட்டுமே விதிவிலக்குக் கோர முடியும். அதனால் பழைய சீட்டுகள், பிசியோதெரபி பதிவு, மருத்துவர் கடிதம் ஆகியவற்றை இணைத்து, அட்மிஷனுக்கு முன்பே எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். "பில் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

"பேக்கேஜ்" என்று ஒரே தொகை சொன்னால் அதில் மயக்க மருத்துவர் கட்டணம், திசுப் பரிசோதனை, சிறப்பு உள்ளாடை, மறுவருகைகள், காயம் பிரிந்தால் மறுதையல் ஆகியவை சேருமா என்று எழுதி வாங்குங்கள். வட்டிக்கு வாங்கியோ நகையை வட்டிக் கடையில் வைத்தோ செய்யாதீர்கள். தகுதியுள்ளோர் நமது பைத்துல்மாலை அணுகலாம். இத்தகைய மனுக்களைப் பெண் பொறுப்பாளர்கள் மட்டுமே பார்ப்பார்கள். பெயர் எந்தக் கூட்டத்திலும் வாசிக்கப்படாது.

வீட்டில் ஓய்வு

அறுவை ஒரு நாள். ஓய்வு ஆறு வாரம். மறுநாளே எழுந்து மெதுவாக நடக்க வேண்டும், இரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். ஆனால் 4 முதல் 6 வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை எதையும் தூக்கக் கூடாது. துணி பிழிவது, உயரத் தட்டில் பாத்திரம் எடுப்பது ஆகியவையும் கூடாது. "இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டாளே" என்று அடுப்படியை ஒப்படைத்தால் தையல் பிரியும். அக்கா தங்கை, நாத்தனார் யார் வந்து எத்தனை நாள் இருப்பார்கள் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். டாக்டர் சொல்லும் காலம்வரை தாங்கும் உள்ளாடையை இரவு பகல் அணிய வேண்டும். வீக்கம் வற்றி இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கிக் கல் போல் இறுகுதல், சீழ் வாடை, காம்பு கறுத்தல், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இபாதத்தைப் பொறுத்தவரை: உளூவின் உறுப்புகளில் மார்பு இல்லை என்பதால் உளூச் செய்யத் தடையில்லை. கடமையான குளிப்பு வந்தால், நனையக்கூடிய பகுதிகளைக் கழுவிக் கட்டின்மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் சேரும், ஹனஃபி மத்ஹபில் தடவுவதே போதும். குனிய முடியாதபோது நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழலாம். மயக்கத்தில் தவறிய தொழுகைகளைக் களாச் செய்துகொள்ளுங்கள். ரமளானை ஒட்டித் தேதி குறிக்காதிருப்பது நலம். விடுபட்ட நோன்புகளைப் பின்னர் நோற்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அறுவை செய்துகொண்டாலும் புற்றுநோய்ப் பரிசோதனை வயதுக்கேற்பத் தொடர வேண்டும். அடுத்த முறை மேமோகிராம் எடுக்கும்போது அறுவை நடந்ததைச் சொல்லுங்கள். உள் தழும்பு படத்தில் கட்டி போலத் தோன்றிக் குழப்பும்.

டாக்டரிடம் கேட்க ஏழு கேள்விகள்

1. என் வலிக்கு இதுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?
2. அறுவை இல்லாமல் முயல இன்னும் ஏதாவது உண்டா?
3. எனக்கு எந்த முறை? தழும்பு எங்கெங்கே வரும்?
4. பின்னர் பாலூட்ட முடியுமா?
5. என் உடல்நிலையில் எந்தச் சிக்கலுக்கு வாய்ப்பு அதிகம்?
6. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
7. சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைக்க வேண்டும், மறுசிகிச்சைக்குச் செலவு யாருடையது?

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துச் செல்லுங்கள். பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பதிலில் திருப்தி இல்லையெனில் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

சகோதரிகளே, நோயைச் சொல்வது வெட்கமின்மை ஆகாது. அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் பாராட்டியதை நாம் அறிவோம். உடலும் ஓர் அமானிதமே. வல்ல ரஹ்மான் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்கள் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் இரக்கத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.